சீருடை கட்சிக்கொடி அல்ல

2025 ஜனவரி 15 அன்று இராணுவ தின அணிவகுப்பு முதன்முறையாகப் புனேயில் நடைபெற்றது. 1949இல் இதே நாளில்தான் கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். படையினர் மக்கள் முன் அணிவகுப்பதில் தவறில்லை. அவர்களது சீருடையை ஆளுங்கட்சி தன் விளம்பரமாக்குவதே ஆபத்து.

படைவீரர்கள் அரசியல் கூட்டங்களில் பங்கேற்பதை 1954ஆம் ஆண்டின் இராணுவ விதிகள் தடை செய்கின்றன. ஆனால் 2019 தேர்தல் பரப்புரையில் ஆதித்யநாத், இந்திய இராணுவத்தை ‘மோடியின் சேனை’ என்றார். தேர்தல் ஆணையம் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டது. இராணுவத்தைத் தேர்தல் ஆதாயத்துக்குப் பயன்படுத்துவதை எதிர்த்து முன்னாள் கடற்படைத் தளபதி ராமதாஸ் அவ்வாண்டே ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்.

சிப்பாயைக் கட்டுப்படுத்தும் நெறி, அவரைக் காட்டி வாக்குக் கேட்கும் ஆட்சியாளரையும் கட்டுப்படுத்த வேண்டும். உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அணியும் அச்சீருடை அரசியலமைப்புக்கே கடமைப்பட்டது. எந்தக் கட்சிக்கும் அல்ல.