ஒப்புநோக்காத பதிப்பு

2025 ஓகஸ்ட் நடுப்பகுதியில் நெடுந்தீவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் அங்குள்ள சனசமூக நிலையம் ஒன்றின் செயலாளர். என் மகனின் வயதுடையவர்.

“ஐயா, புது டெபியன் வந்திட்டுதாம். எங்கட கொம்பியூட்டரையும் மாத்திவிடுவமே?”

“பொறும் தம்பி, நான் வந்து பார்க்கிறன். அதுவரைக்கும் ஒண்டிலையும் கை வைக்காதையும்” என்றேன்.

பத்திரிகைத் தொழிலில் 40 ஆண்டுகளைக் கழித்தவன் நான். அச்சுக்குப் போகும் முன் பக்கத்தை இன்னொருவர் படித்துப் பார்க்கவேண்டும் என்பதே அந்தத் தொழில் எனக்குக் கற்பித்த முதற்பாடம். அந்த இன்னொருவரை எங்கள் அலுவலகத்தில் ஒப்புநோக்காளர் என்போம். அவருக்குப் பெயர் போடுவதில்லை, சம்பளமும் குறைவு. ஆனால் அவர் விடுப்பெடுத்த நாளில் வெளிவந்த பத்திரிகையை மறுநாள் காலை கையில் எடுக்கவே எங்களுக்குக் கூச்சமாக இருக்கும். நெடுந்தீவுக்குப் போய்வந்த பிறகு எனக்குத் தோன்றியதும் இதுதான்: தமிழில் கணினிக்கு எழுதுவோர் இருக்கிறார்கள், மொழிபெயர்ப்போர் இருக்கிறார்கள், ஒப்புநோக்குவோர் இல்லை.

லினக்ஸ் பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சில வரிகள். டெபியன் என்பது 1993 ஆம் ஆண்டு இயன் மர்டொக் தொடங்கிவைத்த லினக்ஸ் வழங்கல். உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் அதைத் தொகுக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய நிலைப்பதிப்பு வரும். 12 ஆம் பதிப்பு 2023 ஜூன் 10 இல் வந்தது. 13 ஆம் பதிப்பு 2025 ஓகஸ்ட் 9 இல் வந்தது. பலரும் பெயர் அறிந்த உபுண்டுவே டெபியனை அடித்தளமாகக் கொண்டதுதான். 2006 இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் என் வீட்டுக்குத் தபாலில் இலவசமாக வந்த உபுண்டு இறுவட்டில்தான் நான் முதன்முதலில் லினக்ஸைப் பார்த்தேன். அப்படி வீடுதேடி இறுவட்டு அனுப்பும் வழக்கம் 2011 உடன் நின்றுவிட்டது.

நெடுந்தீவு நிலையத்தில் மூன்று கணினிகள். மூன்றும் புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பியவை. முன்பு அவற்றில் உரிமம் இல்லாத விண்டோஸ் இருந்தது. யாராவது பென் ட்ரைவ் செருகும்போதெல்லாம் நச்சுநிரலும் கூடவே வந்தது. அதனால் 2023 இல் நானே டெபியன் 12 ஐ நிறுவிக் கொடுத்தேன். பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்கள். பெரியவர்கள் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் தயாரிக்கிறார்கள். காலமான ஓர் ஆசிரியர் பல ஆண்டுகளாகத் தொகுத்த ஊர்க்குறிப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. குறிச்சிகளின் பெயர்கள், கிணறுகளின் பெயர்கள், பழைய குடும்பங்களின் வழித்தோன்றல் விவரங்கள். அந்தத் தொகுப்புக்கு வேறு பிரதி கிடையாது.

நகரத்தில் இருப்பவருக்கு மேம்படுத்தல் தவறிப்போனால் மாலையில் கடைக்குக் கொண்டுபோகலாம். நெடுந்தீவிலிருந்து ஒரு கணினிப் பெட்டியைத் திருத்தக் கொண்டுபோவதானால் குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரப் படகுப் பயணம்; பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று பேருந்துப் பயணம். ஒரு நாள் போய்விடும். திருத்தம் ஒரே நாளில் முடியாவிட்டால் அதே பயணம் மறுபடியும். தீவில் இருப்பவன் எதையும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டவன்.

ஆகவே முதற் திருத்தப்பதிப்பான 13.1 வரும்வரை காத்திருந்தேன். அது செப்டெம்பர் 6 இல் வந்தது. முதலில் யாழ்ப்பாணத்தில் என் சொந்தக் கணினியை மேம்படுத்தினேன். இறங்கிய பொதிகள் அனைத்தையும் வெளிவன்தட்டு ஒன்றில் சேமித்துக்கொண்டேன். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கக்கூடிய டெபியனை ஒரு பென் ட்ரைவில் எழுதிக்கொண்டேன். படகேறினேன்.

முதற் கணினியிலேயே ஏமாற்றம். அது 32 பிட் செயலி கொண்ட பழைய பெட்டி. டெபியன் 13 இல் அத்தகைய கணினிகளுக்கு நிறுவியும் இல்லை, கருனியும் இல்லை. இவற்றை 13 க்கு மேம்படுத்தவேண்டாம் என்று வெளியீட்டுக் குறிப்பே சொல்கிறது. 64 பிட்டுக்கு மாற முடிந்தால் மாறுங்கள், இல்லையேல் கருவிக்கு ஓய்வு கொடுங்கள் என்பது அதன் அறிவுரை. அந்தக் குறிப்பைப் படிக்காமல் செயலாளர் தம்பி ஓகஸ்டிலேயே மாற்ற முனைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆசிரியரின் தொகுப்பு அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

தொகுப்பைப் பிரதியெடுத்து, இரண்டாவது கணினியில் பென் ட்ரைவிலிருந்து புதிய டெபியனை ஓட்டித் திறந்து பார்த்தேன். திரை முழுவதும் ஆங்கில எழுத்துகள். தமிழில் புள்ளி இருக்கவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. செயலாளரின் முகம் வாடிவிட்டது. எனக்கோ காரணம் உடனே விளங்கியது. ஆசிரியர் தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். ஈழத்துப் பத்திரிகைகளும் பாடசாலைகளும் நெடுங்காலம் பயன்படுத்திய எழுத்துரு அது. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் குந்தியிருக்கும்; எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். எழுத்துருவைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டதும் தமிழ் திரும்பி வந்தது. கூடவே கொண்டுபோகவேண்டும் என்பதை மறந்தது என் பிழை. அன்றே யுனிகோட்டுக்கு மாற்றத் தொடங்கினோம். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னே தட்டச்சிடப்படும். யுனிகோட்டில் அது எழுத்துக்குப் பின்னே சேமிக்கப்படும். மாற்றி இடம்மாற்றும்போது சில சொற்கள் சிதைந்தன. அவற்றை மனிதக் கண்தான் பார்த்துத் திருத்தவேண்டும். இரண்டு மாணவிகள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவர் அங்கே அமர்ந்திருந்தபோது நடந்ததுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

நான் வரிசையாகச் சோதித்துக்கொண்டிருந்தேன். தமிழ்99 விசைப்பலகை வேலை செய்கிறதா? பழைய தட்டச்சர்களுக்குப் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை இருக்கிறதா? உறுப்பினர் பதிவேட்டைத் தமிழ் அகர வரிசையில் அடுக்குகிறதா? அச்சுப்பொறி தமிழைச் சிதையாமல் அச்சிடுகிறதா? எல்லாம் சரி. கடைசியாக ஒரு செயலியில் இரண்டு வரி எழுதிவிட்டு, சேமிக்காமல் மூடினேன். வழக்கமான கேள்விப் பெட்டி வந்தது. அதில் ஒரு பொத்தானில் “சேமிக்க…” என்று இருந்தது. பொத்தான் சிறியது, தமிழ்ச் சொற்றொடர் நீளமானது. இடம் போதாமல் வெட்டப்பட்ட முழு வாசகம், “சேமிக்க வேண்டாம்”.

ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் முன்னால் வரும். வால் வெட்டப்பட்டாலும் மறுப்பு மிஞ்சும். தமிழில் மறுப்பு கடைசியில் வரும். வாலை வெட்டினால் பொருள் தலைகீழாகிவிடும். சேமிக்கச் சொல்வதாக நினைத்து அழுத்துபவரின் வேலை அழிந்துபோகும்.

அந்த மாணவி திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “ஐயா, என்ர கட்டுரையும் இப்பிடித்தான் போனது. நான் சேவ் பண்ணினனான் எண்டு சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை.”

பழைய 12 ஆம் பதிப்பில் திறந்து பார்த்தேன். அதிலும் அதே வெட்டு. அந்தக் கணினிகளை நிறுவியவன் நான். தமிழ் இடைமுகம் வேண்டும் என்று அடம்பிடித்தவனும் நான். பிள்ளையின் கட்டுரை போன செய்தி என் காதுக்கு வந்தபோது, “கவனமாகச் செய்யவேணும் பிள்ளை” என்று சொல்லி அனுப்பியவனும் நானே. அன்று ஒருமுறை நானே அந்தப் பொத்தானைப் பார்த்திருந்தால்? பார்க்கவில்லை. ஏனென்றால் என் சொந்தக் கணினியில் நான் ஆங்கில இடைமுகம்தான் வைத்திருந்தேன்.

நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். தமிழ் இடைமுகத்தை ஊருக்குப் பரிந்துரைப்போம், நமக்கு ஆங்கிலம். சமைத்தவன் ருசி பார்க்காத பந்தி அது.

வழு அறிக்கை எழுதி அனுப்பினேன். ஆனால் இங்கே ஒரு சிக்கலை வாசகர்கள் புரிந்துகொள்ளவேண்டும். நிலைப்பதிப்பு என்று பெயர் வைத்திருப்பதே அது எளிதில் மாறாது என்பதற்காக. வெளியான பின் பாதுகாப்பு ஓட்டைகளையும் கடுமையான வழுக்களையும் திருத்துவார்கள். ஒரு பொத்தானின் வாசகம் பெரும்பாலும் அடுத்த பதிப்புவரை காத்திருக்கவேண்டியதுதான். ஒரு பதிப்புக்கு மூன்று ஆண்டு வழக்கமான ஆதரவு, மேலும் இரண்டு ஆண்டு நீண்டகால ஆதரவு. நாம் நல்லது என்று மெச்சும் அந்த ஐந்து ஆண்டு ஆயுள், பிழைக்கும் ஆயுள்தான்.

பிழையைப் பிடிக்க வேளை இல்லாமல் இல்லை. டெபியன் 13 க்கான உறைநிலை 2025 மார்ச்சில் தொடங்கியது. உறைநிலை என்றால் புதியன சேர்ப்பதைப் படிப்படியாக நிறுத்தி, இருப்பதைத் திருத்தும் காலம். பத்திரிகை மொழியில் சொன்னால் பக்கம் கட்டியாகிவிட்டது, ஒப்புநோக்கப் படி வெளியே வந்துவிட்டது. மார்ச் முதல் ஓகஸ்ட் வரை ஏறத்தாழ ஐந்து மாதங்கள் அந்தப் படி எல்லோருக்கும் திறந்து கிடந்தது. காசில்லை, அனுமதி வேண்டியதில்லை, நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை. தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும். 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4 இல்தான், வரைகலை நிறுவியின் துணையோடு, நிறுவும்போதே தமிழைத் தெரிவு செய்ய வழி பிறந்தது. பழைய எழுத்துத்திரை நிறுவியால் நம் எழுத்துகளை வரைய முடியவில்லை. அந்த இடத்தைப் பெறச் சிலர் உழைத்தார்கள். பெற்ற இடத்தைக் காவல் காக்கத்தான் ஆளில்லை.

புலம்பெயர்ந்த தீவக உறவுகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று ஊர்ச்சங்கம் இல்லாத நகரம் ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் சுவிசிலும் இல்லை. பாடசாலைகளுக்குக் கணினி அனுப்புகிறீர்கள், நன்றி. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. எனவே இனிப் பெட்டி பெட்டியாக ஊருக்கு வரும். அனுப்புமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். இது 64 பிட்டா? இதில் தமிழ் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒருமுறையாவது பார்த்தேனா? ஓட்டைப் படகைத் தானம் செய்தால் புண்ணியம் சேராது.

பணத்தைவிட உங்களிடம் நான் கேட்பது ஒரு சனிக்கிழமை. அங்கே உங்களுக்கு வேகமான இணையமும் தடைபடாத மின்சாரமும் இருக்கின்றன. வெளியீட்டுக்கு முந்திய சோதனைப் பதிப்பை ஒரு பென் ட்ரைவில் எழுதி, இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றி, ஒரு கடிதம் எழுதிச் சேமித்து அச்சிட்டுப் பாருங்கள். பிழை கண்டால் திரைப்படம் எடுத்து ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி அனுப்புங்கள். தீவில் இருப்பவர் தன் ஒரே கணினியைப் பரிசோதனைக்குக் கொடுக்க முடியாது. உங்களால் முடியும்.

“ஆங்கிலத்திலேயே பழகிவிட்டால் போகிறது, ஏன் இந்தத் தொல்லை?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். பழகியவர்கள் பழகட்டும். அறுபது வயதில் முதன்முறையாக விசைப்பலகையைத் தொடும் மீனவருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அந்தப் பதில் உதவாது. நல்ல தமிழைக் கொடுக்கவேண்டும், அல்லது தமிழ் இருக்கிறது என்று சொல்லாமல் இருக்கவேண்டும். பாதி தமிழ் ஏமாற்று.

மேம்படுத்தல் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு கணினிகளும் 13 க்கு மாறிவிட்டன. தற்காலிகக் கோப்புகளை நினைவகத்திலேயே வைப்பது 13 இன் புதிய வழக்கம். அவற்றில் நினைவகம் குறைவு என்பதால் வெளியீட்டுக் குறிப்பில் சொன்னபடி அதை நிறுத்திவிட்டேன். இரண்டாவது கணினியில் பாதி வேலையில் மின்சாரம் நின்றது. நெடுந்தீவு தேசிய மின்வலையமைப்போடு இணையாமல் நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த தீவு. சூரிய ஒளி, காற்று, டீசல் கலந்த மின் திட்டத்துக்கு இந்திய உதவியோடு ஒப்பந்தம் கைச்சாத்தானதே 2024 மார்ச்சில்தான். இதற்காகவே யூபிஎஸ் வைத்திருந்தோம். அது இரண்டு நிமிடத்தில் உயிரை விட்டது. எல்லாவற்றையும் சோதித்த நான் யூபிஎஸ்ஸின் மின்கலத்தைச் சோதிக்கவில்லை! நல்லவேளையாக, பாதியில் நின்ற பொதிகளைத் தொடர்ந்து அமைக்கும் கட்டளை காப்பாற்றியது. 32 பிட் பெட்டி இணையம் துண்டிக்கப்பட்டுத் தட்டச்சுப் பழகுவதற்கு மட்டும் 12 ஆம் பதிப்போடு இருக்கிறது. ஆசிரியரின் தொகுப்பு இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது.

டெபியன் 14 க்கு ‘ஃபோர்க்கி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். இரண்டாண்டு வழக்கப்படி 2027 இல் எதிர்பார்க்கலாம். அதற்கு முந்திய உறைநிலை மாதங்களில் அந்தப் பொத்தானை நான் மறுபடி அழுத்திப் பார்ப்பேன். அந்த மாணவியும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது என் கணினியிலும் இடைமுகம் தமிழ்தான்.