‘எல்லாம் நார்மல்’னு ரிப்போர்ட் சொல்லுது... வயிறு கேட்கலையே!

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, சித்தப்பா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார். இரண்டு எண்டோஸ்கோப்பி, ஒரு கொலனோஸ்கோப்பி, மூன்று ஸ்கேன். ரத்தப் பரிசோதனைத் தாள்களை நான் எண்ணவில்லை. "நீதான் பத்திரிகையில இருக்கியே, இதுல என்னதான் எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லும்மா" என்றார். புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே வார்த்தைதான். நார்மல்.

எங்கள் ஊர் ஐயம்பேட்டை. தஞ்சாவூர் பக்கத்து ஐயம்பேட்டை இல்லை, காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில் இருக்கும் நெசவு ஊர். சித்தப்பா பட்டுத்தறிக்காரர். கோர்வைப் புடவை என்றால் தறியில் இரண்டு பேர் வேண்டும். அவர் பக்கத்தில் சித்தி உட்கார்ந்து கரைக்கான நாடாவைப் போடுவார். சித்தப்பா எழுந்தால் சித்தியின் கையும் நின்றுவிடும். காலையில் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்த அரைமணி நேரத்துக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடுவார். திரும்பி வருவார், மறுபடி ஓடுவார். கூலி புடவைக் கணக்கில்தானே தவிர, நாள் கணக்கில் இல்லை. பதினைந்து நாளில் முடிய வேண்டிய புடவை இருபது நாளுக்கு இழுத்தால், அந்த ஐந்து நாளுக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

வைகாசி கருட சேவைக்கு சித்தப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்தக் கூட்டத்தில் அவசரம் வந்தால் எங்கே போவது? கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காராமல் மொய் எழுதிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். வீட்டில் இதற்குப் பெயர், "மனசுல நினைச்சுக்கறாரு."

கடைசியாகப் பார்த்த மருத்துவர்தான் ‘ஐ.பி.எஸ்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ("போலீஸ் ஆபீசர் வேலையா?" என்று கேட்ட தம்பியை சித்தி முறைத்தார்.) இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்பதன் சுருக்கம் அது. கூடவே ஒரு சின்ன மாத்திரை, ராத்திரிக்கு மட்டும். நான்கு நாள் போட்டபிறகு யாரோ, "இது டிப்ரஷனுக்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே" என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றோடு நிறுத்திவிட்டார். "எனக்கு வலிக்கிறது வயித்துலம்மா, தலையில இல்ல. டாக்டரும் என்னைப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டாரு" என்றபோது அவர் குரல் மாறிவிட்டது.

இந்தக் கட்டுரையே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

முதலில், ஐ.பி.எஸ் என்பது மருத்துவர்கள் ஒன்றும் கிடைக்காமல் கை விரித்துச் சொல்லும் பெயர் இல்லை. 2016-ல் வகுக்கப்பட்ட ‘ரோம் 4’ என்ற விதிமுறை இருக்கிறது. கடந்த மூன்று மாதங்களாக வாரத்தில் ஒருநாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு அந்த வலி தொடர்புடையதாக இருப்பது, போகும் எண்ணிக்கை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகியவற்றில் இரண்டாவது இருக்க வேண்டும். தொந்தரவு ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இதெல்லாம் பொருந்தினால்தான் அந்தப் பெயர்.

அப்படியானால் ஸ்கோப்பில் ஏன் எதுவும் தெரியவில்லை? குடலில் புண்ணோ கட்டியோ இருந்தால் கேமரா காட்டும். குடலும் மூளையும் பேசிக்கொள்வதைக் கேமரா காட்டாது.

குடலின் சுவருக்குள் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் இருக்கின்றன. அங்கிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பில் பெரும்பான்மை இழைகள் கீழிருந்து மேலே தகவல் கொண்டுபோகிறவை. மூளை உத்தரவு போடுவதைவிட வயிறு சொல்லும் சேதிதான் அதில் அதிகம். ‘கொஞ்சம் காற்று சேர்ந்திருக்கு’, ‘சாப்பாடு நகர்ந்துகிட்டிருக்கு’ என்று நாள் முழுக்க சேதி போகும். நம்மில் பலருக்கு மூளை அதை மியூட்டில் போட்டுவிடுகிறது. ஐ.பி.எஸ் உள்ளவர்களுக்கு எல்லா நோட்டிஃபிகேஷனும் சத்தத்தோடு வருகிறது.

இதை முதலில் காட்டியது ஒரு பலூன். 1973-ல் ரிச்சி என்ற பிரிட்டிஷ் மருத்துவர், பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சின்ன பலூனை வைத்து 60 மில்லி அளவுக்கு ஊதினார். ஐ.பி.எஸ் இல்லாதவர்களில் 6 சதவிகிதம் பேருக்குத்தான் வலித்தது. ஐ.பி.எஸ் உள்ளவர்களில் 55 சதவிகிதம் பேருக்கு வலித்தது. ஊதிய அளவு எல்லோருக்கும் ஒன்றுதான்.

பிறகு அதே பலூன் சோதனையை மூளை ஸ்கேனருக்குள் படுக்கவைத்துச் செய்தார்கள். மூளையில் எந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது என்பதை எஃப்.எம்.ஆர்.ஐ காட்டும். இப்படிப்பட்ட பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து, அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சலஸ் குழு 2011-ல் அலசியது. ஐ.பி.எஸ் உள்ளவர்களிடம் பயம், பதற்றம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் பகுதிகள் (அமிக்டலா அதில் ஒன்று) கூடுதலாக வேலை செய்தன. மற்றவர்களிடம், நிதானித்துக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதிகள் அதிகமாக இயங்கின.

என்னை நிறுத்திவைத்தது, அதே பல்கலைக்கழகக் குழு 2008-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு. அதில் பலூனை ஊதுவதற்கு முந்தைய நேரத்தைப் பார்த்தார்கள். ‘இப்போது வலிக்கப் போகிறது’ என்ற அறிவிப்பு மட்டும் வரும். ஆரோக்கியமான பெண்களின் மூளை அந்த இடைவெளியிலேயே வலியைப் பதிவுசெய்யும் பகுதிகளைக் கொஞ்சம் அடக்கிவைத்துக்கொண்டது. ஐ.பி.எஸ் உள்ள பெண்களிடம் அந்த அடக்கல் சரியாக நடக்கவில்லை. அப்படி அடக்காதவர்களுக்கு, பலூன் ஊதியதும் மூளையின் எதிர்வினை இன்னும் பெரிதாக இருந்தது.

சித்தப்பா தறியில் உட்காருவதற்கு முன்பே, "இன்னைக்கு என்ன ஆகுமோ" என்று வயிற்றைத் தடவிக்கொள்வாரே, அதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று முடிவுசெய்ய மூளையில் ஒரு வலையமைப்பு உண்டு. ‘சேலியன்ஸ் நெட்வொர்க்’ என்பார்கள். சும்மா இருக்கும்போது மனம் அலைவதற்கு இன்னொன்று, உடம்பின் உணர்வுகளுக்கு வேறொன்று. ஐ.பி.எஸ் உள்ளவர்களிடம் இவற்றுக்குள் இருக்கும் இணைப்புகளில் வித்தியாசம் தெரிகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வுகளும் ஒரே இடத்தைச் சுட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இவை குழுவாகப் பார்த்துக் கிடைத்த சராசரிகள். அதனால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஸ்கேன் சென்டருக்குப் போய் "மூளையை எடுங்க" என்று கேட்காதீர்கள். ஒரு தனி ஆளின் ஸ்கேனைப் பார்த்து ஐ.பி.எஸ் என்று சொல்ல முடியாது. சித்தப்பாவின் பையில் இன்னொரு ஃபிலிம் சேரும், அவ்வளவுதான்.

"அப்போ டென்ஷன்தானே காரணம்?" என்று கேட்பீர்கள். அப்படி ஒரே வரியில் முடியாது. ஆஸ்திரேலியாவில் 12 வருஷம் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், சிலருக்குப் பதற்றம் முதலில் வந்து வயிற்றுத் தொந்தரவு பின்னால் வந்தது. வேறு சிலருக்கு வயிறு முதலில் கெட்டு, பதற்றம் பின்னால் வந்தது. கனடாவின் வாக்கர்ட்டன் ஊரில் 2000-ம் ஆண்டு குடிநீரில் கிருமி கலந்து ஆயிரக்கணக்கானோருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கிருமி போனபிறகும் அவர்களில் பலருக்கு ஐ.பி.எஸ் தங்கிவிட்டது.

சித்தப்பாவின் மாத்திரைக்கு வருவோம். அமிட்ரிப்டிலின். பழைய மனச்சோர்வு மருந்துதான், பொய்யில்லை. ஆனால் ஐ.பி.எஸ்-க்குக் கொடுக்கப்படும் அளவு அதைவிட மிகக் குறைவு. குடலுக்கும் மூளைக்கும் இடையில் ஓடும் வலிச் செய்தியைத் தணிப்பதுதான் இங்கே அதன் வேலை. பிரிட்டனில் 463 பேரிடம் 10 முதல் 30 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு நிவாரணம் அதிகம். வாய் உலரும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும். எல்லோருக்கும் ஒத்துவராது என்பதால் மருத்துவர் சொல்லாமல் ஆரம்பிக்கவும் கூடாது, சொல்லாமல் நிறுத்தவும் கூடாது. மாத்திரை தவிர, வயிற்றை மையமாக வைத்த ஹிப்னோதெரபி, மனநலப் பயிற்சி, வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் போன்றவற்றைக் கொஞ்ச காலம் குறைத்துப் பார்க்கும் உணவுமுறை எல்லாம் உண்டு. உணவுமுறையை மட்டும் யூடியூப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள், சத்துக்குறைவில் கொண்டுபோய் விடும்.

இவ்வளவையும் திண்ணையில் உட்கார்ந்து சித்தப்பாவிடம் சொன்னேன். நீளமாகத்தான் பேசிவிட்டேன். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்போ நான் நடிக்கலைன்னு அவங்களுக்குத் தெரியுமா?" தெரியும் சித்தப்பா என்றேன். மறுவாரம் மருத்துவரைப் பார்த்துவிட்டு மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறார். இன்னும் காலையில் எழுந்து ஓடுகிறார், ஆனால் முன்பைவிடக் குறைவு என்கிறார்.

இன்னொரு விஷயம். இந்திய இரைப்பை குடலியல் சங்கம் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஐ.பி.எஸ்-க்காக மருத்துவமனைக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். மேலை நாடுகளில் இது பெண்களிடம்தான் அதிகம். நம் ஊர்ப் பெண்களுக்கு வயிறு வலிப்பதில்லையா, இல்லை, பஸ் ஏறிப் போவதில்லையா?

நான் கிளம்பும்போது சித்தி வாசல்வரை வந்து, மெதுவாகக் கேட்டார். "எனக்கும் ரெண்டு வருஷமா வலிக்குதும்மா. அது இதுவாத்தான் இருக்குமா?" ரவிக்கை தொளதொளவென்று இருந்தது. எடை குறைந்திருக்கிறதா என்றேன். ஆமாம் என்றார். மலத்தில் ரத்தம் என்றதற்குப் பதில் சொல்லாமல் தெருவைப் பார்த்தார். எடை குறைவது, ரத்தம் போவது, ரத்தசோகை, வலி தூக்கத்திலிருந்து எழுப்புவது, 50 வயதுக்குமேல் புதிதாக ஆரம்பிப்பது... இவை இருந்தால் ஐ.பி.எஸ் என்று நாமே பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது, முதலில் பரிசோதனைதான். சித்தியிடம் துணிப்பை எதுவும் இல்லை, ஒரு ரிப்போர்ட்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை லீவ் போட்டிருக்கிறேன். சித்தியைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறேன். அன்றைக்குத் தறி நிற்கும், பரவாயில்லை என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார்.