சிண்ட்ரெல்லா ஓகே, பவளக்கொடி?

சிண்ட்ரெல்லாவோட செருப்பு எதுல செஞ்சதுன்னு கேட்டா, தூக்கத்துல எழுப்பினாலும் கண்ணாடின்னு சொல்லிடுவீங்க. சரி, அல்லி ராணியோட பையன் எதுல செஞ்ச தேர் வேணும்னு அடம் பிடிச்சான்? கூகுள் பண்ணாம யோசிங்க.

பவளம். அந்தப் பவளத்தைத் தேடிப் போனதில்தான் ஒரு முழு நாடகமே நடக்கிறது. அதுக்கு அப்புறம் வர்றேன்.

இதை இப்போ கேட்க ஒரு காரணம் இருக்கு. நம்ம நாடகக் குழு இந்த வருஷம் எதைப் போடலாம்னு குரூப்பில் ஓட்டெடுப்பு ஓடிக்கிட்டு இருக்கு. நான் இதை எழுதும்போது 'சிண்ட்ரெல்லா மியூசிக்கல்' முன்னணியில் இருக்கு. ஆங்கிலத்தில், கரோக்கே ட்ராக் போட்டு, மயிலாப்பூர் அல்லது தி.நகரில் ஒரு சபா ஹாலில், பக்கத்துப் பள்ளிக் குழந்தைகளைக் கூப்பிட்டு நடத்துவதாகத் திட்டம். கடைசி ரெண்டும் அருமையான யோசனை. முதல் ரெண்டோடுதான் எனக்குச் சண்டை. நான் ஃபைனல் இயர், இதுதான் எனக்குக் கடைசி நாடகம். அதனால கொஞ்சம் சுயநலமும் உண்டு, மறைக்கலை.

இது 'ஆங்கிலம் ஒழிக' கட்டுரை இல்லை. எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சவன் அப்படி எழுதினா வீட்டிலேயே சிரிப்பாங்க. சென்னையில் ஆங்கிலத் தேவதைக் கதை நாடகத்துக்கு நல்ல பாரம்பரியமே இருக்கிறது. 1991-ல் தொடங்கிய 'தி லிட்டில் தியேட்டர்' குழு கிறிஸ்துமஸ் பாண்டோமைம் போட்டுப் பெயர் வாங்கியது. எழும்பூர் மியூசியம் தியேட்டரில், அந்த 1896-ஆம் வருடத்துக் கட்டடத்தில், அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்ம வகுப்பிலேயே இருப்பாங்க. பாண்டோமைம்னதும் வாயைத் திறக்காத மைம்னு நினைச்சுடாதீங்க. இது பிரிட்டன்காரர்களின் கிறிஸ்துமஸ் சமாச்சாரம். எல்லாருக்கும் தெரிந்த பழைய கதை, நிறைய பாட்டு, உள்ளூர் ஜோக், பெண் வேஷம் போட்டு வரும் ஒரு ஆண், 'பின்னாடி பாரு, பின்னாடி பாரு'ன்னு மேடையைப் பார்த்துக் கத்தும் குழந்தைகள். செம ஜாலியான வடிவம்.

இப்போ அப்படியே தெற்கே போங்க. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் கோயில் திருவிழாவில் 'ஸ்பெஷல் நாடகம்' நடக்கும். ராத்திரி பத்து மணிவாக்கில் ஆரம்பித்து விடியும்வரை போகும். எல்லாருக்கும் தெரிந்த பழைய கதை, பெரும்பாலும் வள்ளி திருமணம். நிறைய பாட்டு. உள்ளூர் ஜோக் அடிக்க பபூன் என்றே தனி ஆள். கூட்டத்தோடு பேசிப் பேசி, பதில் வாங்கி, அதையே திருப்பி ஜோக்காக்குவார். நம்ம ஸ்டாண்ட்அப் ஆட்கள் செய்வதைத்தான் மைக் கையில் பிடித்தபடி ஒரு மணி நேரம் செய்வார். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்டால், ராப் பேட்டில் எங்க பிறந்ததுன்னு உங்களுக்கே சந்தேகம் வரும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ரிகர்சலே கிடையாது. கம்பெனி என்று ஒன்று இல்லை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேற ஊர், ஹார்மோனியக்காரர் இன்னொரு ஊர். ஒவ்வொருத்தரையும் தனித்தனியா புக் பண்ணுவாங்க, அதனால்தான் அதுக்கு 'ஸ்பெஷல்'னு பேர். அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சந்திப்பு. அப்படியும் நாடகம் நடக்கிறது, ஏன்னா எல்லாருக்கும் ஒரே பாடம் மனப்பாடம். அந்தப் பாடத்தில் பெரும்பகுதியை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள், 1867-ல் பிறந்து 1922-ல் மறைந்தவர். நூறு வருஷத்துக்கு மேலாக, இதுவரை சந்திக்காத ரெண்டு பேரைச் சேர்ந்து நடிக்க வைக்கிற அளவுக்கு ஒரு ஸ்க்ரிப்ட் உயிரோடு இருக்கிறது. நாம மூணு மாசம் ரிகர்சல் பண்ணியும் ரெண்டாம் காட்சியில் சொதப்புறோம். சூசன் சைசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த நடிகர்களைப் பற்றி 2005-ல் ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டார். நம்மில் எத்தனை பேர் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கோம்?

சரி, இது ஏன் மயிலாப்பூருக்கு வரலை? ஒருகாலத்தில் சென்னையிலும் நாடகம்னா பாட்டுதான். மைக் இல்லாத நாட்களில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கடைசி வரிசைவரை கேட்கிற மாதிரி பாடினார்கள். சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய பாலர் சபாவில் சேர்ந்த டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயசு இருக்கும். பின்னாளில் அவ்வையார் வேஷம் போட்டு அவ்வை சண்முகம் ஆனார். லாயிட்ஸ் ரோட்டுக்கு இன்றைக்கு அவர் பேர்தான். அந்த வழியா நூறு தடவை பஸ்ஸில் போயிருப்பீங்க. அப்புறம் பேசும் படம் வந்தது, பாடத் தெரிந்தவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. அதற்கு முன்பே, 1891-ல் சுகுண விலாச சபாவை ஆரம்பித்த பம்மல் சம்பந்த முதலியார், பாட்டைக் குறைத்து வசனத்தை முன்னால் கொண்டுவந்திருந்தார். பிறகு திராவிட இயக்கத்தின் வசன நாடகங்கள். அதற்கப்புறம் சபா காமெடி. கிரேஸி மோகனின் வசனத்துக்கு நானும் வயிறு வலிக்கச் சிரிப்பவன்தான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? நாரத கான சபாவில் டிசம்பரில் பாட்டு, கோடை நாடக விழாவில் நாடகம். ரெண்டும் ஒரே மேடை, ஒரே திரை, ஒரே கேன்டீன். ஆனால் பாட்டும் நாடகமும் ஒரே சாயங்காலம் சந்திப்பது ரொம்ப அபூர்வம். அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் பேசிக்கொள்ளாத சொந்தக்காரர்கள் மாதிரி.

குழந்தைகளுக்கோ இன்னும் மோசம். சேப்பாக்கத்தில் இப்போ கலைவாணர் அரங்கம் இருக்கும் இடத்தில் முன்பு இருந்த மண்டபத்துக்குப் பேரே 'பாலர் அரங்கம்'. இன்றைக்கு அடையாறில் ஒரு எட்டு வயசுக் குழந்தை மேடையில் தேவதைக் கதை பார்க்கணும்னா, அநேகமா ஆங்கிலத்தில்தான் பார்க்கணும். இல்லைன்னா ஸ்கூல் ஆனுவல் டே. அங்கே ட்ராக் பாடும், குழந்தை வாயசைக்கும்.

இப்போ பவளக்கொடிக்கு வர்றேன். கதை பல வடிவத்தில் உண்டு. அல்லி, மதுரையை ஆளும் ராணி. அவள் அரண்மனையில் எல்லாப் பதவியிலும் பெண்கள்தான். அவளுக்கும் அர்ஜுனனுக்கும் பிறந்த பையன் புலந்திரன். விளையாட எனக்குப் பவளத் தேர் வேணும்னு ஒரே அழுகை. அர்ஜுனன் பவளம் தேடிக் கடல் தாண்டிப் போகிறான். போன இடத்தில் பவளக்கொடி என்ற பெண்ணைப் பார்க்கிறான், காதல், கல்யாணம். இங்கே அல்லிக்குச் செய்தி வருகிறது. அவள் சும்மா இருப்பாளா? குழந்தையின் அடம், கடல், பவளத் தீவு, கோபக்கார ராணி. தேவதைக் கதைக்கு வேறென்ன வேணும்? பூசணிக்காய் ஒண்ணுதான் பாக்கி. இதை சுவாமிகள் நாடகமாக எழுதினார். 1934-ல் கே. சுப்ரமணியம் படமாக எடுத்தபோது எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம். பாட்டு மட்டும் 50! ஒரு மியூசிக்கலுக்கு இது போதாதா?

ஒரு பெரிய சிக்கல் இருக்கு, நீங்க கேட்கும் முன்னாடி நானே சொல்லிடறேன். அல்லி அரசாணி மாலையில் அர்ஜுனன் அல்லியை எப்படிக் கல்யாணம் செய்கிறான் தெரியுமா? பாம்பு வடிவத்தில் அவள் அறைக்குள் நுழைந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். ஆண்களே வேண்டாம் என்றிருந்த ராணி, எழுந்து பார்த்தால் கழுத்தில் தாலி. இதைக் குழந்தைகள் முன்னால் 'வீரம்' என்று காட்டினால் நானே எழுந்து போய்விடுவேன். இதைக் காரணம் காட்டி, தமிழ்க் கதைகள் பழமைவாதம், சிண்ட்ரெல்லாவே சேஃப் என்று குரூப்பில் ஒருத்தர் எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்க. கிரிம் சகோதரர்களின் சிண்ட்ரெல்லாவில் அக்காமார்கள் செருப்புக்குள் காலை நுழைக்க ஒருத்தி விரலையும் ஒருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் புறாக்கள் அவர்கள் கண்ணைக் கொத்துகின்றன. தூங்கும் அழகியின் கதை பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய வடிவத்தில் அல்லி கதையை விடப் பயங்கரம், இங்கே எழுத முடியாது. 1697-ல் பெரோ பூசணி வண்டியும் கண்ணாடிச் செருப்பும் வைத்து எழுதினார். 1950-ல் டிஸ்னி அதிலிருந்து எடுத்துக்கொண்டது. அவங்க கதையை அவங்க தலைமுறைக்குத் தலைமுறை மாத்தி எழுதிக்கிட்டே இருந்தாங்க. அதனாலதான் அது சேஃப். நம்ம கதையை நாம அப்படியே பரணில் போட்டுட்டு, தூசியா இருக்குன்னு குறை சொல்றோம்.

என் யோசனை இது. அந்தக் காட்சியை மறைக்க வேண்டாம், நடித்துக் காட்டவும் வேண்டாம். பவளத் தேர் கேட்டு அழும் பையனிடம், உங்க அப்பா எப்படிப்பட்டவர் தெரியுமா என்று அல்லியே தன் வாயால் ஒரு பாட்டில் சொல்லட்டும். அந்தப் பாட்டை நாம எழுதுவோம். முடிவிலும் அர்ஜுனனுக்காக ரெண்டு பெண்களும் சண்டை போடாமல், ரெண்டு பேரும் சேர்ந்து அவனை விசாரிக்கட்டும். நடுவராக பபூன். சுவாமிகளும் மக்களிடம் இருந்த கதையை எடுத்து, தன் காலத்துக்கு எழுதியவர்தானே?

பணக் கணக்கும் பாருங்க. சிண்ட்ரெல்லா கதை யாருக்கும் சொந்தமில்லை. ஆனா நீங்க பாட நினைக்கிற பாட்டுகள், அது டிஸ்னியோ 1957-ல் டிவிக்காக ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் போட்டதோ, உரிமை உள்ளவை. டிக்கெட் வித்து சபாவில் போடணும்னா முறைப்படி அனுமதி வாங்கி, கட்டணம் கட்டணும். ஒரு வார்த்தையை மாத்தவும் கேட்கணும். இந்தியச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டுக்குப் பிறகு உரிமை முடிகிறது. சுவாமிகள் மறைந்து நூறு ஆண்டு தாண்டியாச்சு. வெட்டலாம், ஒட்டலாம், கானா மெட்டில் போடலாம், கேட்க ஆளில்லை.

கடைசியா ட்ராக். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரை கிளியர் பண்ணவங்களுக்கு ஒரு வரியில் சொல்றேன்: கரோக்கே ட்ராக் ஓப்பன் லூப், ஹார்மோனியம் க்ளோஸ்டு லூப். நடிக்கிறவள் ஒரு வரியை மறந்தால் ட்ராக் அவளுக்காக நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். அவள் மேடையில் அனாதை. ஹார்மோனியக்காரர் முகத்தைப் பார்ப்பார், ரெண்டு சுரம் கூட வாசிப்பார், அடியை எடுத்துக் கொடுப்பார். சுருதி ஏறலைன்னா அரைக்கட்டை இறக்குவார். முன்வரிசையில் ஒரு குழந்தை 'பாம்பு வருது'ன்னு கத்தினா அதுக்கும் ஒரு இழுப்பு இழுப்பார். சபா ஹால்கள் கச்சேரிக்காகவே இருக்கிற இடங்கள். அங்கே போய் ட்ராக் போடுவது, ரத்னா கஃபேயில் உட்கார்ந்து சாம்பாரை வெளியிலிருந்து ஆர்டர் பண்ற மாதிரி.

பாட ஆள் இல்லைன்னு சொல்லாதீங்க. நம்ம காலேஜில் சரளி வரிசை தாண்டினவங்க எத்தனை பேர்னு ஒரு ஃபார்ம் அனுப்பிப் பாருங்க. அம்மா கட்டாயத்தில் பத்து வருஷம் பாட்டு கிளாஸ் போய், முதல் வருஷத்தோடு வாயை மூடிக்கிட்டவங்க எல்லா டிபார்ட்மென்ட்டிலும் இருக்காங்க. பழைய தமிழ் புரியாதுங்கிறதும் சாக்குதான். 'பிப்பிடி பாப்பிடி'க்கு யாராவது அர்த்தம் கேட்டாங்களா?

ஓட்டெடுப்பு ஞாயிறு ராத்திரி முடியுது. சிண்ட்ரெல்லாவே ஜெயிச்சா நானும் வந்து செட்டுக்கு ஆணி அடிப்பேன், அதில் மாற்றமில்லை. பவளக்கொடி ஜெயிச்சா உடனே தேவைப்படுவது: ஆண்களை முறைக்கத் தெரிந்த ஒரு அல்லி, வெட்கமே இல்லாத ஒரு பபூன், அடம் பிடிக்க ஒரு ஃபர்ஸ்ட் இயர். கீபோர்டு வாசிப்பவர்கள் நாலு பேர் இருக்காங்க, ஹார்மோனியத்துக்குத்தான் இன்னும் ஆள் இல்லை. உங்க தாத்தாவோட பெட்டி பரண்ல தூங்கிக்கிட்டு இருந்தா, அதையாவது சொல்லுங்க.