காலி இடம் அல்ல, காப்பிடம்

வல்லக்கோட்டையைச் சுற்றி ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட் பூங்காக்களில் ஆலைகளோடு தொழிலாளர் விடுதிகளும் எழுகின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட விடுதி வளாகத்தில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். இத்தனை பேர் நெருங்கி வாழும் பகுதியில், கட்டடத்துக்கும் எல்லைச் சுவருக்கும் இடையே விடப்படும் வெற்றிடம் எதற்காக என்பதை மறந்துவிடலாகாது.

அந்த இடைவெளிக்கு இரு கடமைகள் உண்டு: ஒரு கட்டடத்தின் தீ அடுத்ததற்குத் தாவாமல் தடுப்பது, தீயணைப்பு ஊர்திக்கு வழிவிடுவது. உயர்ந்த கட்டடங்களைச் சுற்றிக் குறைந்தது 6 மீட்டர் வழி தேவை என்கிறது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. ஆனால், ஜெனரேட்டர், டீசல் தொட்டி, மின்மாற்றி, குளிரூட்டியின் வெளிப்புறப் பெட்டி ஆகியவற்றை நிறுவ இடம் தேடுவோரின் கண்ணில் முதலில் படுவது இதுவே. அவை அங்கு அமர்ந்தால், தீயைத் தடுக்க வேண்டிய இடமே தீக்குப் பாலமாகிவிடும்.

இடம் தவறிய இயந்திரம் என்ன செய்யும் என்பதை 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கு காட்டியது. தரைத்தள வாகன நிறுத்துமிடத்தில் இருந்த மின்மாற்றியில் தொடங்கிய தீயின் புகை மேலேறியது. 59 பேர் உயிரிழந்தனர்.

இது பொறியியல் சிக்கல் மட்டுமன்று. நிலம் விலையேறிய இடத்தில், இடைவெளியை ஆக்கிரமிப்பவருக்கு இலாபம். ஆபத்தின் பெரும்பங்கு பக்கத்துக் கட்டடத்தில் உறங்குபவருக்கு. பொருளியல் இதனைப் புறவிளைவு என்கிறது. செலவைப் பிறர் சுமக்கும்வரை தவறு தொடரும்.

சிறு மனைகளில் இயங்கும் உதிரிபாக ஆலைகளுக்கு வேறு இடம் இல்லை என்பதும் உண்மையே. அவற்றுக்குப் பொது ஜெனரேட்டர் வளாகத்தை சிப்காட் அமைத்துத் தரலாம். தவிர்க்க இயலாத இடங்களில், ஊர்தி வழியை விட்டு விலக்கி, தீத்தடுப்புச் சுவருடன் நிறுவலாம்.

கட்டட நிறைவுச் சான்று பெறும் நாளில் இடைவெளி காலியாகவே இருக்கும். இயந்திரங்கள் பிறகே வந்து சேரும். எனவே, தீயணைப்புத் துறையின் ஒவ்வோர் உரிமப் புதுப்பிப்பின்போதும் இடைவெளியை அளக்க வேண்டும். காப்பீட்டுக் கட்டணமும் அந்த அளவைப் பொறுத்து ஏறி இறங்க வேண்டும். பிறர் உயிருக்கான இடத்தை இலவசமாக எடுத்துக்கொள்ளும் வழி அப்போதுதான் அடைபடும்.