பத்திரப்படுத்தும் பெட்டியும் அதன் வேகமும்



1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள் விட்டு வந்தது வீட்டையும் காணியையும் மட்டுமல்ல. நிக்காஹ் அல்பங்களும் மூத்தவர்களின் படங்களும் அங்கேயே நின்றுவிட்டன. 2004 டிசம்பர் 26 இல் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் கொண்டுபோனதும், 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையில் ஊறிப்போனதும் அப்படியானவைதான். வீட்டைத் திரும்பக் கட்டலாம். மௌத்தாகிப்போன வாப்பாவின் சிரிப்பைத் திரும்பப் படம் பிடிக்க முடியுமா?

இன்று நம் அல்பம் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. அது ஒரு நாள் கிணற்றடியில் விழுந்தால் போதும், எல்லாம் போய்விடும். ஆகவே பிரதி எடுத்து வைக்க வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்க நினைக்கிறீர்கள். கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 5 என்றும் 10 என்றும் 20 என்றும் போட்டிருக்கும். விலையும் கூடிக்கொண்டே போகும். எதற்குக் காசு கொடுப்பது?

முதலில் ஒரு கணக்கு. பெட்டியில் இருப்பது ஜிகாபிட். நம் படங்களை அளப்பதோ பைட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 2000 ஆம் ஆண்டில் வந்த யூ.எஸ்.பீ. 2.0 வினாடிக்கு 480 மெகாபிட். எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். கையில் கிடைப்பது 30, 40 தான். 2008 இல் வந்த யூ.எஸ்.பீ. 3.0 வினாடிக்கு 5 ஜிகாபிட். இதில் 400 மெகாபைட் அளவு கிடைக்கும். இதையே பின்னர் 3.1 ஜென் 1 என்றும், 3.2 ஜென் 1 என்றும் பெயர் மாற்றி விற்கிறார்கள். பெயர் புதிது, வேகம் அதேதான். ஜென் 2 என்றிருந்தால்தான் 10 ஜிகாபிட்.

இனி டிஸ்க்கைப் பாருங்கள். வலீமா வீட்டில் முப்பது சஹனுக்குச் சோறு போகவேண்டும். சட்டியிலிருந்து அள்ளுபவர் ஒருவரே என்றால், வாசலை எவ்வளவு அகலமாக்கி என்ன பயன்? உள்ளே தட்டுச் சுழலும் சாதாரண ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 100 முதல் 140 மெகாபைட் வரைதான் அள்ளும். அதற்கு 5 ஜிகாபிட் வாசலே தாராளம். 10 என்று எழுதியதற்காக அதிக விலை கொடுக்கவேண்டாம். சுழலாத எஸ்.எஸ்.டீ. வகையில் மட்டுமே அந்த வேகம் பயன்படும். நல்லது ஒன்று 1000 மெகாபைட் அளவு தரும்.

200 ஜிகாபைட் படங்களும் வீடியோக்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2.0 வழியாக ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். 3.0 இல் சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கு அரை மணித்தியாலம். வேகமான எஸ்.எஸ்.டீ.க்கு, கணனியும் ஈடுகொடுத்தால், நான்கு நிமிடமும் ஆகாது. சின்னஞ்சிறு படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் எல்லாவற்றுக்கும் இன்னும் நேரம் எடுக்கும்.

ஆனால் வாங்க முன் வீட்டுக் கணனியைப் பாருங்கள். செருகும் துளையின் உள்ளே நீல நிற நாக்கு இருந்தால் பெரும்பாலும் 3.0. கறுப்பு அல்லது வெள்ளை என்றால் அனேகமாக 2.0, எவ்வளவு விலையான டிஸ்க்கும் அதில் மெதுவாகத்தான் ஓடும். டைப்-சீ என்பது துளையின் வடிவம் மட்டுமே, வேகமல்ல. 2023 இல் வந்த ஐபோன் 15 இன் சாதாரண மாதிரியில் டைப்-சீ இருந்தும் வேகம் 2.0 தான். போனுக்குச் சார்ஜ் ஏற்றும் வயர்களும் பெரும்பாலும் அப்படியே. ஆகவே டிஸ்க்கோடு வந்த வயரையே பாவியுங்கள். பெரிய அளவு என்று சொல்லி அற்ப விலைக்கு விற்கும் பெயரில்லாப் பெட்டிகளை நம்பவேண்டாம்.

வேகத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்று மணித்தியாலம் எடுக்கும் வேலையை "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளுவோம்; அல்லது போனைக் கடைக்காரப் பொடியனிடம் கொடுத்து "கொப்பி பண்ணித் தாருங்கள் தம்பி" என்போம். அதற்குள் நாமும் நம் குமருகளும் வீட்டுக்குள் இருந்த கோலத்தில் எடுத்த படங்கள் இருக்கின்றன. அவை அமானிதம். அரை மணித்தியாலத்தில் முடியுமென்றால், பகல் சமைக்கும் நேரத்திலேயே நீங்களே செய்துவிடலாம். கடவுச்சொல் போட்டுப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டுங்கள். அந்தச் சொல்லைத் தொலைத்தால் படங்களும் தொலைந்ததுதான்.

ஒரு பிரதி போதாது. போனில் ஒன்று, டிஸ்க்கில் ஒன்று, இன்னொரு டிஸ்க்கில் எடுத்து ராத்தா வீட்டிலோ உம்மா வீட்டிலோ ஒன்று. வெள்ளம் ஒரு வீட்டுக்கு வந்தால் மற்ற வீட்டில் மிஞ்சும். ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கவோ தட்டவோ வேண்டாம். எஸ்.எஸ்.டீ.யை வருடக்கணக்கில் அலுமாரிக்குள் போட்டு வைத்தால் பதிந்தவை அழியக்கூடும். இரண்டு நோன்புப் பெருநாளுக்கு இடையில் ஒரு தடவையாவது செருகித் திறந்து பாருங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இந்த மாதம் சம்பளம் வந்ததும் பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். மீதியை வல்ல நாயன் பாதுகாப்பானாக, ஆமீன்.