உரிச்சா வரணும் பாஸ்!

அப்பாவோட பழைய காரை ஸ்டைலாக்கணும்னு உங்களுக்கு ஆசை. 'வண்டி மேல பெயின்ட் பட்டுச்சு, வீட்டுப் பக்கமே வராதே'ன்னு அப்பா உத்தரவு. இப்படி மாட்டிக்கிட்டு முழிக்கிற அரூர் பசங்களுக்குத்தான் இந்த வாரம்.

பிடிக்கலைன்னா உரிச்சுப் போட்டுடலாம்கிற ரப்பர் பெயின்ட் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. இதில் பேர் வாங்கினது அமெரிக்காவின் 'பிளாஸ்டி டிப்'. கட்டிங் பிளேயர் மாதிரி டூல்ஸோட கைப்பிடியை டப்பாவில் முக்கி, ரப்பர் உறை போடத்தான் முதலில் வந்தது. அப்புறம் ஸ்பிரே டின்னாகி, கார் வீல், கிரில், எம்ப்ளம்னு ஏறிடுச்சு.

மேட்டர் சிம்பிள். டின்னில் இருக்கிற திரவம் ஆவியானதும் ரப்பர் மாதிரி ஒரு தோல் மட்டும் நிற்கும். அது அடியில் இருக்கிற பெயின்ட்டோடு கலக்காது, மேலோட்டமா ஒட்டிக்கும். தோல் தடிமனா இருந்தா ஓரத்தைப் பிடிச்சு இழுத்தாலே வாழைப்பழத் தோல் மாதிரி வரும். மெல்லிசா இருந்தா? துணுக்கு துணுக்கா பிய்யும், உங்க நகம்தான் தேயும்!

நம்ம பசங்க கோட்டை விடறது இங்கதான். ரெண்டு கோட்டிலேயே கறுப்பு ஏறிடும். 'போதும்டா மச்சி, டின் மிச்சம்'னு நிறுத்திடுவாங்க. நிறத்துக்கு ரெண்டு கோட் போதும். உரிக்கிறதுக்கு நாலஞ்சு வேணும்.

சோப்பு போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைச்சு, நல்லா காயவிடுங்க. மொட்டை வெயிலும் புழுதிக் காத்தும் வேண்டாம். காலை நேரம் பெஸ்ட். ஆனா காத்தோட்டமான இடமா இருக்கணும், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ கூடவே கூடாது. மாஸ்க் கட்டாயம். முதல் கோட் அடிப்பரப்பு தெரியற அளவு லேசா இருக்கட்டும். ஒவ்வொரு கோட்டும் காய்ஞ்ச பிறகு அடுத்தது. கடைசி கோட் ஈரமா இருக்கும்போதே டேப்பை எடுத்துடுங்க. காய்ஞ்ச பிறகு இழுத்தா தோலும் கூடவே வந்துடும். அப்புறம் ஒரு நாள் வண்டியைத் தொடாதீங்க.

ஏற்கெனவே மெல்லிசா அடிச்சுட்டீங்களா? சுரண்டாதீங்க. அது மேலேயே இன்னும் ரெண்டு மூணு கோட் அடிச்சுக் காயவிட்டு உரிங்க. எடுக்கிறதுக்காக இன்னும் பூசறது காமெடியா தெரியலாம், ஆனா அதுதான் வழி.

சைலன்சர், பிரேக் டிஸ்க் பக்கம் போகாதீங்க, சூடு தாங்காது. பைக் டேங்க்கும் வேண்டாம், பெட்ரோல் சொட்டினா கரைஞ்சுடும். ஹெட்லைட், நம்பர் பிளேட்டில் கை வைக்கவே கூடாது. முழு பாடியோட நிறத்தை மாத்தறதா இருந்தா ஆர்.சி.யிலும் மாத்தணும், அதில் நிறமும் பதிவாகி இருக்கே!

முக்கியமான ஒண்ணு: பட்டி பார்த்து, டச்-அப் அடிச்ச இடத்தில் பழைய பெயின்ட்டே பலவீனமா இருக்கும். ரப்பரை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து வரலாம். அதனால நேரா பானெட்டுக்குப் போகாதீங்க. முதல்ல ஒரு வீல் கப்பில் அடிச்சு, காயவச்சு, உரிச்சுப் பாருங்க. சுத்தமா வந்துச்சுன்னா, தைரியமா அப்பாகிட்ட காட்டி பர்மிஷன் கேளுங்க!