199 வெள்ளி பிரிண்டர் வாங்கறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிங்க

 

இன்னைக்கு பிரிண்டர் பத்தி எழுதப் போறேன். கோயில் பக்கத்துல இது எதுக்குன்னு கேட்காதீங்க. இதுல நம்ம கோயில் தொண்டர்களுக்கும் பங்கு இருக்கு, முக்கியமா எனக்கு இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

பத்துமலை பக்கம் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு தேவார வகுப்பு நடத்துறோம். போன மாசம் வகுப்பு முடிஞ்சதும் மடப்பள்ளியில உதவி செய்ற ஓர் அக்கா என்னைத் தனியா கூப்பிட்டாங்க. "தம்பி, பிரிண்டர் கெட்டுப்போச்சு. பாட்டு எல்லாம் எடுக்க முடியல. பிள்ளைங்க வெறுங்கையோட வந்ததுக்கு கோவிச்சுக்காதீங்க"ன்னு சொன்னாங்க. மூணு பிள்ளைங்க, மூணு பேரும் தமிழ்ப்பள்ளியில படிக்கிறாங்க. ஒரு கணினி விற்பனையில 199 வெள்ளிக்கு பிரிண்டர் வாங்கி ரெண்டு மாசம்தான் ஆச்சு.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பிரிண்டர் கெடல, மைதான் தீர்ந்துபோச்சு. கறுப்பும் கலரும் சேர்த்து புதுசா வாங்கினா 100 வெள்ளிக்கு மேல. பிரிண்டர் விலையில பாதி! அக்கா முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு. ஏன்னா வாட்ஸ்அப் குழுவுல 12 பக்க பாட்டுத் தாளைப் போட்டு, "பெற்றோர்கள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து அனுப்பவும்"னு எழுதினவன் நான்தான். மூணு பிள்ளைக்கு 36 பக்கம். அதுக்கு எவ்வளவு செலவாகும்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்ல.

சரி, ஏன் இப்படி ஆகுது? மலிவு பிரிண்டர்ல கம்பெனிக்கு பெரிய லாபம் மெஷின்ல இல்ல, மையிலதான். மெஷினை மலிவா கொடுத்துட்டு, கார்ட்ரிட்ஜ்ல காசு பார்க்கிறாங்க. பெட்டியோட வர்ற முதல் கார்ட்ரிட்ஜ்ல பல மாடல்கள்ல மை குறைவாதான் இருக்கும். வேற கம்பெனி மை போட முடியாதபடி சிலதுல சிப் வெச்சிருப்பாங்க. இது உலகம் முழுக்க நடக்குற சண்டை. ரீஃபில் பண்ணின கார்ட்ரிட்ஜ் விற்ற கடைக்காரர்கள் மேல லெக்ஸ்மார்க் கம்பெனி போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஒரு பொருளை வித்த பிறகு அது மேல காப்புரிமை கொண்டாட முடியாதுன்னு 2017-ல தீர்ப்பு வந்துச்சு. அதனால சிப் ஒண்ணும் காணாம போயிடல.

அதனால கடையில முதல்ல கேட்க வேண்டிய கேள்வி "பிரிண்டர் எவ்வளவு?" இல்ல. "இதுக்கு மை எவ்வளவு? அந்த மையில எத்தனை பக்கம் வரும்?" அதுதான் கேள்வி. மை விலையை பக்கத்தால வகுத்தா ஒரு பக்கத்து செலவு வந்துடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விலை கடைக்குக் கடை மாறும், இது புரியறதுக்காக நான் வெச்ச எண்.

சின்ன கார்ட்ரிட்ஜ் 50 வெள்ளி, 150 பக்கம் வருதுன்னா ஒரு பக்கம் 33 காசு.
போட்டோஸ்டேட் கடையில ஒரு பக்கம் 15 காசுன்னு வெச்சுக்குவோம்.
இங்க் டேங்க் பிரிண்டர் 600 வெள்ளி. கறுப்பு மை பாட்டில் 35 வெள்ளி, 4,000 பக்கம். ஒரு பக்கம் ஒரு காசு கூட இல்ல.

இப்போ மாசம் 60 பக்கம் எடுக்கிற வீடு. ரெண்டு வருஷத்துல 1,440 பக்கம். போட்டோஸ்டேட் கடையில 216 வெள்ளி. இங்க் டேங்க் வாங்கினா 600. மலிவு கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வாங்கினா மெஷினும் மையும் சேர்த்து 650 வெள்ளிக்கு மேல. பார்த்தீங்களா? மலிவுன்னு வாங்கினதுதான் இருக்கிறதுலயே விலை அதிகம்.

மாசம் 300 பக்கம் எடுக்கிற வீடு. டியூஷன் நடத்துறவங்க, நாலு பிள்ளைங்க இருக்கிறவங்க. ரெண்டு வருஷத்துல 7,200 பக்கம். கடையில 1,080 வெள்ளி. இங்க் டேங்க்ல ஏறக்குறைய 650. கார்ட்ரிட்ஜ் கணக்கு 2,500-ஐத் தாண்டிடும்.

என்னோட கருத்து இதுதான். மாசம் 150 பக்கத்துக்குக் கீழே எடுக்கிற வீட்டுக்கு பிரிண்டரே தேவையில்ல. "எல்லார் வீட்லயும் இருக்கு, நம்ம வீட்ல இல்லையே"ன்னு வருத்தப்பட வேண்டாம். 2020 மார்ச்ல நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிக்கூடம் மூடினப்போ அவசரத்துக்கு வாங்கினோம், அது வேற காலம். இப்போ கடை திறந்திருக்கு. ஒரு பென்டிரைவ்ல போட்டு வாரம் ஒரு தடவை எடுத்துட்டு வந்தா போதும்.

கடைக்குப் போறவங்களுக்கு ஒரு விஷயம். தமிழ்ல டைப் பண்ணினதை வேர்ட் கோப்பா கொண்டு போகாதீங்க. அந்தக் கடை கணினியில நீங்க பயன்படுத்தின எழுத்துரு இல்லன்னா எல்லாம் கட்டம் கட்டமா வரும். முரசு அஞ்சல் நம்ம மலேசியர் முத்து நெடுமாறன் உருவாக்கினதுதான், அதுக்காக எல்லாக் கடையிலயும் இருக்கும்னு சொல்ல முடியாது. பிடிஎஃப் ஆக மாத்திக் கொண்டு போங்க, எழுத்து மாறாது.

நிறைய எடுக்கிறவங்க இங்க் டேங்க் வாங்குங்க. எப்சன் கம்பெனி 2010-ல இந்தோனேசியாவுல முதல்ல கொண்டு வந்தாங்க. இப்போ எப்சன் ஈகோடேங்க், கேனன் ஜி வரிசை, எச்பி ஸ்மார்ட் டேங்க், பிரதர்னு எல்லாருமே விக்கிறாங்க. லோயாட் பிளாசா மாதிரி இடத்துக்குப் போனா நாலையும் பக்கத்துல வெச்சு விலை கேட்கலாம். எந்தக் கம்பெனின்னு நான் சொல்ல மாட்டேன். பாட்டில் மை நம்ம பக்கத்துக் கடையிலயே கிடைக்குதா, கேரண்டி எத்தனை வருஷம், ரிப்பேருக்கு எங்க கொண்டு போகணும், இந்த மூணையும் கேளுங்க.

எப்போவாவதுதான் எடுப்பேன், ஆனா ராத்திரி பத்து மணிக்கும் வேணும், கறுப்பு எழுத்து மட்டும் போதும்னா கறுப்பு லேசர் பிரிண்டர் நல்லது. அதுல மை இல்ல, டோனர் பொடி. மாசக்கணக்குல சும்மா இருந்தாலும் காயாது. ஆனா டோனர் விலையையும் பக்கத்தையும் அதே மாதிரி வகுத்துப் பாருங்க. சில மாடல்ல டிரம் தனியா மாத்தணும், அது விலையையும் கேளுங்க.

பெட்டியில போட்டிருக்கிற பக்க எண்ணிக்கையை அப்படியே நம்பிடாதீங்க. ஐஎஸ்ஓ 24711 மாதிரி தர முறைப்படி, குறிப்பிட்ட மாதிரிப் பக்கங்களைத் தொடர்ந்து அடிச்சு அளந்த எண் அது. நம்ம பிள்ளைங்க பக்கம் முழுக்க கலர்ல முருகன் படம் எடுத்தா அந்தக் கணக்கு வராது.

ஏற்கனவே இங்க்ஜெட் வெச்சிருக்கிறவங்களுக்கு சில குறிப்பு. சுவத்து சுவிட்சுல நேரா அணைக்காதீங்க. பிரிண்டர்ல இருக்கிற பட்டனை அழுத்தி அணைச்சாதான் மை வர்ற ஹெட் மூடிக்கும், காயாது. வாரம் ஒரு பக்கமாவது கலர்ல எடுங்க. அடிக்கடி ஹெட் கிளீனிங் போடாதீங்க, அதுக்கும் மைதான் செலவாகுது. ரெண்டு பக்கமும் அடிச்சா தாள் பாதி மிச்சம். நம்ம ஊர் ஈரத்துக்கு தாளைப் பிரிச்சு வெச்சா சுருண்டு சிக்கிக்கும், உறையோட வையுங்க. இன்னொண்ணு, சாமி மேடைக்குப் பக்கத்துல வைக்காதீங்க. சாம்பிராணிப் புகையும் விபூதித் தூளும் மெஷினுக்கு ஆகாது.

கடைசியா கோயில் தொண்டர்களுக்கு, என்னையும் சேர்த்து.

நாம ஒரு கோப்பை வாட்ஸ்அப்ல தட்டி விட்டுடறோம். செலவு அந்தப் பக்கம் போயிடுது. 40 பிள்ளைங்க, 12 பக்கம்னா 480 பக்கம். நாற்பது வீட்ல தனித்தனியா மை செலவு பண்றதை விட, ஒரே கடையில மொத்தமா கொடுத்தா பேசி விலை குறைக்கலாம். பதினஞ்சு காசே ஆனாலும் மொத்தம் 72 வெள்ளிதான். ஒரு அர்ச்சனை உபயம் மாதிரி ஒருத்தர் ஏத்துக்க மாட்டாங்களா? தைப்பூசத்துக்கு தண்ணீர்ப் பந்தலுக்கு எவ்வளவோ அள்ளிக் கொடுக்கிற கூட்டம் நம்ம கூட்டம்.

அதே மாதிரி "கோயிலுக்கு ஒரு பிரிண்டர் உபயம் பண்றேன்"னு சொல்ற நல்ல மனசுக்காரங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல்ல மை யார் வாங்கப் போறாங்கன்னு கேளுங்க. பதில் இல்லன்னா மெஷின் வேண்டாம், ரெண்டு ரீம் தாளும் போட்டோஸ்டேட் செலவும் கொடுங்க. மை இல்லாத பிரிண்டர் ஸ்டோர்ல தூசி பிடிச்சுக் கிடக்கறதுதான் நடக்கும்.

இந்த மாசத்துல இருந்து எங்க வகுப்புல பாட்டுத் தாளை நாங்களே எடுத்துக் கொடுக்கிறோம். முதல் தடவை என் செலவு. அந்த அக்காவோட பிள்ளைங்க போன சனிக்கிழமை கையில தாளோட முன் வரிசையில உட்கார்ந்து பாடினாங்க. அக்கா புது கார்ட்ரிட்ஜ் வாங்கல. வாங்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.

உங்க வீட்ல மாசம் எத்தனை பக்கம் ஆகுதுன்னு எண்ணிப் பார்த்துட்டு கீழே எழுதுங்க. எது வாங்கலாம், வாங்கவே வேண்டாமான்னு சேர்ந்து கணக்கு போடுவோம்.

முருகா சரணம்.